ஜே தொண்ணூற்றொன்று வரைந்த படகு

காஜிமார் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கூடத்துச் சுவரில் ஈரம் பூத்து ஒரு பெரிய கறை இருந்தது. வெள்ளையடித்தால் அடுத்த மழையில் திரும்பி வந்துவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னால் "வந்து பாக்குறேன்" என்பார். சொன்னபடி வருவார், பார்ப்பார், போய்விடுவார். கடைசியில் அதற்கு வழி செய்தவர் மாமுதான்.

மாமு என்றால் அம்மாவின் தம்பி. பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில். ஒரு நாள் சாயங்காலம், பழைய சாமான் கடையில் வாங்கியதாகச் சொல்லி, சாக்கில் சுற்றிய ஒரு பெரிய பலகையைத் தோளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்தார். சாக்கைப் பிரித்தால் உள்ளே கடல் இருந்தது.

பச்சைக் கடல். அதில் வெள்ளைப் பாய் விரித்த ஒரு படகு. பின்னால் மஞ்சள் சூரியன், பாதி தண்ணீருக்குள். அலைகளை ஒவ்வொன்றாக, மீன் செதிலை அடுக்கிய மாதிரி யாரோ உட்கார்ந்து போட்டிருந்தார்கள். படகில் ஆள் இல்லை. எங்கள் வீட்டில் உருவப் படம் மாட்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆள் இல்லை, பறவை இல்லை, மீன்கூட இல்லை என்று அம்மா மேலிருந்து கீழ்வரை பார்த்து உறுதி செய்த பிறகுதான் ஆணி அடிக்கவே அனுமதி கிடைத்தது.

"ஆளே இல்லாம படகு எப்படிப் போகும் அத்தா?" என்று கேட்டேன்.

"ஓட்டுறவரு டீ குடிக்கப் போயிருக்காரு" என்றார் அத்தா.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மிக்ஸி, கிரைண்டர் உதிரி பாகம் விற்கிற கடை. எதைப் பார்த்தாலும் அது என்ன கம்பெனி என்று திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. படத்தையும் அப்படித்தான் பார்த்தார். பின்பக்கம் வெறும் பலகை. முன்பக்கம் கீழே வலது மூலையில் மட்டும் கறுப்பில் ஒரு சின்னக் கிறுக்கல் இருந்தது. முதலில் தூண்டில் மாதிரி ஒரு வளைவு. அடுத்து ஒன்பது போல ஒரு சுழி. அதை ஒட்டி ஒன்று போல ஒரு கோடு, அதன் தலைக்கு மேலே ஒரு புள்ளி.

அத்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "ஜே. தொண்ணூத்தி ஒண்ணு. ஜேன்னு ஒருத்தன், தொண்ணூத்தி ஒண்ணாம் வருசம் வரைஞ்சிருக்கான்."

"அந்தப் புள்ளி, மச்சான்?" என்று கேட்டார் மாமு.

"அது பெயின்ட் தெறிச்சது."

அத்தோடு எங்கள் வீட்டில் ஜே பிறந்தார். அந்த ஜே யார் என்பதுதான் கேள்வி. ஜான் என்று ஒரு வெள்ளைக்காரர் என்றார் மாமு. வெள்ளைக்காரன் கடலை நீலமாகப் போடுவான், இவர் ஜெயராமனாகத்தான் இருப்பார் என்றார் அத்தா. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லாரும் தண்ணீர் குடித்த கையோடு ஒரு ஜே சொல்லிவிட்டுப் போனார்கள். மாமு படத்தைச் செல்போனில் எடுத்து பேஸ்புக்கில் போட்டு, "இதை வரைந்தவரைத் தெரியுமா?" என்று எழுதினார். நிறையப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் மட்டும், பலகை தேக்கா என்று விசாரித்திருந்தார்.

எனக்குப் படம் வந்த அன்றிலிருந்து அதுதான் உலகம். அதன் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன், அதன் கீழேதான் சாப்பிடுவேன். ஜேயைக் கண்டுபிடித்துவிட்டால் படகு எங்கே போகிறது என்று அவரிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன்.

சில மாதம் ஓடியது. இதற்கு நடுவில் அம்மாவுக்கு வேறு ஒரு கவலை பெரிதாகிக்கொண்டே வந்தது. மாமுவுக்குப் பெண் பார்க்க வேண்டும். அம்மா யாரைச் சொன்னாலும் மாமுவிடம் ஒரு பதில் இருக்கும். மேலூர்ப் பெண் உயரம். கம்பத்துப் பெண்ணுக்கு அண்ணன்மார் அதிகம். கடைசியாக அம்மா, வாடிப்பட்டியில் எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டார்.

"வாடிப்பட்டித் தண்ணி எனக்குச் சேராது லாத்தா" என்றார் மாமு. அக்காவை லாத்தா என்றுதான் எங்கள் வீடுகளில் கூப்பிடுவோம்.

"தண்ணி கேன்ல வாங்கிக்கலாம். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு போறோம், பேசி முடிக்கிறோம்."

அன்று முதல் மாமு என்னுடன் அதிக நேரம் செலவழிக்க ஆரம்பித்தார். நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். பாசமும் இருந்திருக்கும்.

மறுநாள் நான் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தேன். மாமு எதிரில் உட்கார்ந்து ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், "மருமகளே, ஓதும்போது எந்தப் பக்கத்துல இருந்து படிப்பே?" என்றார்.

"வலது பக்கத்துல இருந்து. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"சும்மா கேட்டேன்" என்றவர், எனக்குப் பின்னால் இருந்த படத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "படத்துல மூலையில தூசியா இருக்கு, துடைச்சு விடேன்" என்றார்.

நான் ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தேன். துடைத்த விரல் வலது பக்கத்திலிருந்து நகர்ந்தது. எல்லாம் நான் ஓதுகிற அரபு எழுத்துகள். தலைக்கு மேலே புள்ளி வைத்த கோடு: நூன். சுழி: வாவ். தூண்டில்: ரா.

"நூர்!" என்று நான் போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார்.

மாமு காட்டிய ஆச்சரியத்தை இப்போது நினைத்தாலும் மெச்சத் தோன்றுகிறது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார். வாயைப் பிளந்தார். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அத்தா கடையிலிருந்து வந்ததும், ஓதத் தெரிந்த இத்தனை பேர் வீட்டில் இருந்துகொண்டு ஒரு ஜேயைத் தேடி அலைந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். நூர் ஆணா பெண்ணா என்ற புதுக் கேள்வி அன்று ராச்சாப்பாட்டோடு ஆரம்பமானது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. மாமு என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்ததும், "அவனியாபுரத்துல ஒருத்தருக்குப் போன் குடுக்கணும், வாரியா?" என்றார். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வந்தோம். முதல் ஆட்டோ வந்தது. காலியாக இருந்தது. "கூட்டமா இருக்கு" என்று விட்டுவிட்டார். அடுத்ததில் டிரைவர் மூஞ்சி சரியில்லை என்றார். அதற்கடுத்தது உண்மையிலேயே பிதுங்கி வழிந்தது. டிரைவரே பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். மாமு உற்சாகமாக "ஏறு, ஏறு" என்றார்.

ஏறப் போன நான் பின்பக்கம் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஆட்டோவின் முதுகில் பச்சைக் கடல், வெள்ளைப் பாய், எங்கள் வீட்டுப் படகு. சூரியனைத் தனியாக வரையவே இல்லை. ஆட்டோவின் மஞ்சளையே சூரியனாக விட்டுவைத்திருந்தது. ஓரத்தில் அதே நூன், வாவ், ரா.

"மாமு! மாமு! நூர்!"

"எங்கே? எங்கே?" என்று மாமு வேறு பக்கம் பார்த்தார்.

நான்தான் டிரைவரிடம் கேட்டேன். "அண்ணே, இந்தப் படம் எங்கே போட்டீங்க?"

"அவனியாபுரம் பாய் பட்டறையில பாப்பா. ஏறுறியா இல்லையா?"

அந்தப் பயணம் முழுக்க நான் யாரோ ஒரு பெரியம்மாவின் மடியில் உட்கார்ந்து, கண்டுபிடித்தது நான்தான் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே போனேன். வில்லாபுரம் தாண்டியதும் அவர் இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுதானா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்.

பட்டறை மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. தகரக் கூரை. பெயின்ட் வாடை மூக்கைப் பிடித்து உலுக்கியது. ஒருவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஒரு ஆட்டோவுக்குப் புகை மாதிரிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். மாமு வாசலிலேயே நின்று, அங்கே கிடந்த ஒரு டயரை ஆராயத் தொடங்கிவிட்டார். நான் உள்ளே போனேன்.

"நூர்ங்கிறது நீங்களா?"

அவர் துணியை இறக்கினார். "இல்லையே. எதுக்கு?"

"படகுப் படம் போட்டது யாரு?"

"ஏன், பெயின்ட் உரியுதா?" என்று கேட்டவர் மாமுவைப் பார்த்தார். "பாய், உங்களை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே?"

"நமக்கு எல்லார் மாதிரியும் ஒரு மூஞ்சி பாய்" என்றார் மாமு டயரிடம்.

அதற்குள் பின்னால் தொங்கிய தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து, "யாரு பாய்ஜான்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு அக்கா வந்தார். தலையில் முக்காடு, முக்காட்டு நுனியில் பச்சை பெயின்ட். கையில் மெல்லிய பிரஷ். கன்னத்திலும் ஒரு கோடு பச்சை இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

"நீங்கதான் நூரா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க படம் எங்க வீட்டுல இருக்கு! பலகையில போட்டது! கையெழுத்தை நான்தான் படிச்சேன்!"

"அப்படியா!" என்றார் அந்த அக்கா. அவர் பார்வை என் தலைக்கு மேலாக வாசல் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. பிறகு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த தன் அண்ணனிடம் திரும்பி, "வீடு மாத்தும்போது உடைஞ்ச கட்டிலோட சேத்து எடைக்குப் போட்டியே, அது" என்றார்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "எனக்கென்ன தெரியும்? பலகைன்னு நெனச்சேன்."

எங்களுக்கு உட்கார ஸ்டூல் வந்தது. நூர் அக்கா அருகில் வந்து உட்கார்ந்து, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தபோது, வேலையில் மீந்த ஆட்டோ பெயின்டை வைத்து வரைந்த முதல் படம் அது. அதைப் பார்த்த ஒரு டிரைவர் தன் வண்டிக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்க, அன்றிலிருந்து பட்டறையில் படம் போடுவது அவர்தான்.

"பேரைப் பெருசா எழுத வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"பொம்பளை வரைஞ்சதுன்னு தெரிஞ்சா டிரைவருங்களை ஸ்டாண்டுல கேலி பண்ணுவாங்களாம். பாய்ஜான் பயப்படுது. அதான் உருதுல, ஓரமா. படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கட்டும்."

"நான் படிச்சேன்!"

"நீதான் படிச்சே" என்று சொல்லிச் சிரித்தார்.

டீ வந்தது. எனக்குப் பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டது. மாமுவுக்குச் சர்க்கரை இல்லாத டீ. மாமு சர்க்கரை போடாமல் குடிப்பவர் என்பது அந்த அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்பதில் மும்முரமாக இருந்தேன்.

மாமு அந்தக் கையெழுத்தைப் படித்தும், பட்டறையைக் கண்டுபிடித்தும் வெகுநாள் ஆகியிருந்தது. பழைய சாமான் கடைக்காரரிடம் விசாரித்து, கட்டில் வந்த தெருவுக்குப் போய், அங்கிருந்து வழி கேட்டு வந்திருக்கிறார். அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு முறை, தன் கடைக்குப் போர்டு எழுத வேண்டும் என்று. அடுத்த முறை, போர்டில் ஓர் எழுத்து தப்பு என்று. போர்டில் தப்பு ஏதும் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரியவந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மதுரையிலேயே பெரிய துப்பறிவாளர் நான்.

வீட்டுப் படி ஏறும்போதே கத்திக்கொண்டு ஏறினேன். அத்தாவுக்கு ஒரே சந்தோஷம். தன் கடை ஷட்டரிலும் ஒரு கடல் போடச் சொல்ல வேண்டும் என்றார். "கடல்ல மிக்ஸி மிதக்கிற மாதிரி" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு இருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"உன்னைவிடச் சின்னவங்க."

"உருது பேசுறவங்களா?"

"ஆமா. அண்ணனைப் பாய்ஜான்னு கூப்பிடுறாங்க."

அம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி, படம் மாட்டிய ஆணி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ் பேசுகிற எங்கள் வீடுகளும் உருது பேசுகிற அவர்கள் வீடுகளும் ஒரே பள்ளிவாசலில் தொழுதாலும், பெண் கொடுத்து எடுப்பது வழக்கத்தில் இல்லை. யாரும் கூடாது என்று சொன்னதில்லை. யாரும் செய்ததும் இல்லை. அது எனக்கு எங்கே தெரியும்? அடுத்த சில நாள் அம்மா யாருடனும் அதிகம் பேசவில்லை என்பது மட்டும் தெரிந்தது. மாமுவுக்குச் சாப்பாடு வைக்கும்போது குழம்பில் கறி விழாமல் கரண்டி பார்த்துக்கொண்டது. மாமுவும் வெறும் குழம்பை ஊற்றி, "நல்லா இருக்கு லாத்தா" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். வாடிப்பட்டிப் பேச்சை அம்மா எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா ஸ்டூல் மேல் நின்று, சேலை முந்தானையால் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. அலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"இம்புட்டு அலையும் அந்தப் புள்ளையே போட்டதா?" என்றார் திரும்பாமலே.

"ஆமா. பிரஷ் இத்தனூண்டு இருக்கும்மா."

"பொறுமை இருக்கு" என்றார் அம்மா. இறங்கி வந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். "உனக்கு அவங்களைப் புடிச்சுதா?"

"ரொம்ப. கன்னத்துல பெயின்ட் இருந்துச்சு, அவங்களுக்கே தெரியல."

அம்மா அப்போது சிரித்துவிட்டார். அன்று ராத்திரி மாமுவின் தட்டில் இரண்டு துண்டு கறி விழுந்தது. மாமு அதைத் தின்னாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வாடிப்பட்டி வேணாம்" என்றார் அம்மா. "அவனியாபுரம் போவோம். படத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருவோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை முதலே கேள்விகளைத் தயார் செய்தேன். படகு எங்கே போகிறது? ஓட்டுகிறவர் எங்கே? கடல் ஏன் பச்சை? சூரியன் வருகிறதா, போகிறதா? அத்தாவுக்கும் சில கேள்விகள் சொல்லிக் கொடுத்தேன். அவர் அக்கறையாகத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பட்டுச் சேலை கட்டினார். பெயின்ட் பட்டறைக்கு எதற்குப் பட்டு? அத்தா ஆப்பிளும் பேரீச்சம்பழமும் ஒரு தட்டு நிறைய வாங்கி வந்தார். மாமு வரவில்லை. இத்தனை நாள் தேடிவிட்டு, போகிற நாளில் வரவில்லை என்கிறாரே என்று எனக்குக் கோபம்.

பட்டறைக்குப் பின்னால் அவர்கள் வீடு. பாய் விரித்து உட்கார வைத்தார்கள். நூர் அக்கா டீ கொண்டு வந்தார். புதுத் துணி, கழுவித் துடைத்த முகம். பச்சைக் கோடு எதுவும் இல்லை. என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தவர், தரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இனி ஆரம்பிப்பார்கள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அத்தா, பட்டறை தொடங்கி எவ்வளவு நாளாயிற்று என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன், எங்கள் பூர்வீகம் எது என்று கேட்டார். அத்தா ஊர் பெயரைச் சொன்னதும் இருவரும் அந்த ஊர்ச் சந்தையைப் பற்றிப் பேசினார்கள். அம்மா, "குர்ஆன் முடிச்சுட்டியாம்மா?" என்று கேட்டார். முடித்தாயிற்று. "தையல் தெரியுமா?" சுமாராகத் தெரியும். "பிரியாணி வருமா?"

"வரும். பாய்ஜான் மட்டும் சாப்பிடும்" என்றார் நூர் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாதான் அதிகமாகச் சிரித்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன். "படகைப் பத்திக் கேளும்மா."

"கேக்கலாம், கேக்கலாம்" என்றார் அம்மா. கேட்காமல், நூர் அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தின் ஓரங்களில் போகாத பெயின்ட் இருந்தது. அம்மா அதைக் கட்டைவிரலால் ஒரு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையை விடவே இல்லை. பிறகு எல்லாரும் எழுந்தார்கள். அத்தாவும் அந்த அண்ணனும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். எங்கள் தட்டைக் காலி செய்து, அதில் இனிப்பு வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வெளியே வந்துவிட்டோம்.

ஆட்டோவில் ஏறியதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை தூரம் வந்தும் யாரும் எதையும் கேட்கவில்லை, படகு எங்கே போகிறது என்று இனி எப்போது தெரியும் என்று தேம்பினேன். அம்மா என் தலையைத் தன் பட்டுச் சேலையில் சாய்த்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அத்தா முன்சீட்டிலிருந்து திரும்பி, "அழாதேம்மா. கேட்டாச்சு. அவங்களும் சரின்னு சொல்லிட்டாங்க" என்றார்.

பொய். நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். யாரும் எதையும் கேட்கவில்லை. யாரும் எதற்கும் சரி என்று சொல்லவும் இல்லை.